யார் பக்கமும் இல்லாத நாற்காலி

1

நான் எழுதிய வாழ்த்துக் கட்டுரை ஒன்று எனக்கே திரும்பி வந்தது. இந்தக் கதை அப்படித்தான் பிறந்தது. அதை மறைத்துவிட்டு வேறெங்கோ தொடங்குவது சரியில்லை.

நம்மவர் ஒருவர் மாவட்ட நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார், எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். எழுதினேன். அயராத உழைப்பு, தன்னலமற்ற சேவை, தமிழினத்தின் பெருமை எல்லாவற்றையும் அந்த ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். அச்சுக்குப் போகுமுன் பார்க்கட்டும் என்று அவருக்கும் அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாதே. இவங்க ஒரு நாளும் அலுத்துப்போனதே இல்லபோல."

"திருத்தித் தரலாம்," என்றேன்.

"வேணாம்லா. எழுதுறதுன்னா கதையா எழுதுங்க. பேர மாத்திருங்க. நல்லவளா மட்டும் காட்டாதீங்க."

பெயரை மாற்றிவிட்டேன். ஆகவே கிளாரா முனியாண்டி என்று ஒரு நீதிபதி எங்கும் இல்லை, தேட வேண்டாம். ஊரையும் மாற்றலாமா என்று யோசித்தேன். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து மவுண்ட் ரோஸ்கில்லில் குடியிருந்துகொண்டு வேறு ஊரை எழுத எனக்கு இப்போது கை வருவதில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மலேசியாவின் ஈப்போ நகரில், ஒரு சிறு வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில்..."

[கைவிட்டேன். கிளாராவின் அப்பா முனியாண்டி ரயில்வேயில் எழுத்தர். அவர் வீட்டில் குழல் விளக்கு இருந்தது, மின்விசிறி இருந்தது, தொலைக்காட்சியும் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது.]

இரண்டாவது:

"நீதி என்பது..."

[இதற்கு மேல் போக வெட்கமாக இருந்தது.]

மூன்றாவதுதான் நின்றது:

த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில், சாமான் நிறைந்த தள்ளுவண்டியை ஒரு கையால் பிடித்தபடி, கிளாரா போனை எடுத்தார். ஐம்பத்தொரு வயது. கண்ணாடியில் மழைத் தூறல். பேசியது அட்டர்னி ஜெனரலின் அலுவலகம். மாவட்ட நீதிமன்ற நீதிபதியாக உங்கள் பெயரைப் பரிந்துரைக்கலாமா, சம்மதம்தானா என்று கேட்டது அந்தக் குரல். சம்மதம் என்றார். அறிவிப்பு வெளிவரும்வரை கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றது. அதற்கும் சம்மதம் என்றார்.

அந்த இரண்டாவது சம்மதத்தின்போது கை தளர்ந்திருக்க வேண்டும். தள்ளுவண்டி சரிவில் உருண்டு போய்ப் பக்கத்து வெள்ளைக் காரின் கதவில் முட்டியது. சின்னக் கீறல்தான். கிளாரா அந்தக் காரின் சொந்தக்காரர் வரும்வரை மழையில் நின்றார். வந்தவர் கீறலைத் தடவிப் பார்த்தார். இது பழைய கீறலாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

(நீதிபதியாகச் சம்மதித்த முதல் நிமிடத்திலேயே அவரைக் குற்றவாளியாக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வண்டி விஷயத்தை அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு.)

3

மாவட்ட நீதிமன்றம் என்றதும் நீங்கள் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள கட்டடத்தை நினைத்துக்கொள்ளக்கூடும். இந்த நாட்டில் மாநிலம், மத்தி என்ற பிரிவே இல்லை. திருட்டு, அடிதடி, வாகன விபத்து, ஜாமீன், ஜூரி உட்கார்ந்து கேட்கும் பெரும்பாலான வழக்குகள் எல்லாம் முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வரும். சாதாரண மனிதர் ஒருவர் வாழ்நாளில் ஒரு நீதிபதியை நேரில் பார்த்தால், அநேகமாக இங்கேதான் பார்ப்பார். அந்த நாற்காலிக்குத் தேர்தல் கிடையாது, பரீட்சை கிடையாது. வக்கீலாகப் பல வருடம் இருந்தவர்கள் தாங்களே விருப்பம் தெரிவிக்க வேண்டும். பிறகு விசாரிப்பார்கள், நேர்முகம் வைப்பார்கள், காத்திருக்கச் சொல்வார்கள்.

கிளாரா இரண்டு தடவை காத்திருந்தார்.

ஈப்போவில் சில வருடம் வக்கீலாக இருந்தவர், கணவர் லிங்கேஸ்வரனுக்குப் பொறியாளர் விசா கிடைத்ததும் ஆக்லாந்துக்கு வந்தார். அவருடைய பட்டம் இங்கே செல்லும், ஆனால் முழுதாகச் செல்லாது. இந்நாட்டுச் சட்டத்தில் பல பாடங்களைத் திரும்பப் படித்துத் தேற வேண்டியிருந்தது. பகலில் அதே த்ரீ கிங்ஸில் சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் நின்றார். (கதைக்காக நான் இட்டுக்கட்டியதுபோல் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.) தேறிய பிறகு வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் நியூசிலாந்து அனுபவம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அனுபவத்தை அவர்கள் தராமல் எங்கே போய் வாங்குவது என்று இவரும் மரியாதையாகத்தான் கேட்டார். கடைசியில் இலவசச் சட்ட ஆலோசனை மையம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கிருந்து மனுக்காவ் நீதிமன்றத்துக்குப் போனார். வக்கீல் வைக்காமல் அன்று காலை வந்து நிற்பவர்களுக்காகப் பேசும் 'டியூட்டி லாயர்' வேலை. பிறகு குற்ற வழக்குகளில் தற்காப்பு வக்கீலாகச் சொந்த அலுவலகம்.

முதல் தடவை நேர்முகத்தில், ஏன் நீதிபதியாக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க என்றார். அழகான பதில். எல்லோரும் சொல்லும் பதில். வேலை கிடைக்கவில்லை.

"இனிமே கேக்க மாட்டேன் லிங்கா," என்றார் கணவரிடம். பல வருடம் கேட்கவில்லை.

மனத்தை மாற்றியது ஒரு காலை நேரம். அன்று அவர் கையில் கட்டுக்கட்டாகக் கோப்புகள். மொழிபெயர்ப்பாளர் சொன்னதற்கெல்லாம் அவருடைய கட்சிக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கிளாராவும் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். மேடையில் இருந்த பெண் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இந்த மனிதர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்றார். அந்த மனிதர் சொன்னார். தான் எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருடைய வக்கீலுக்கு அது தெரியாமல் போயிருந்தது.

"அந்த ரூம் எவ்வளவு வேகமா ஓடணும்னு அந்த நாற்காலிதான் முடிவு பண்ணுது," என்றார் அன்று சாயங்காலம். "அது ஓடுற வேகத்துக்கு நானும் ஓடிட்டேன் லிங்கா. எனக்கே அசிங்கமா இருக்கு."

"அப்ப கேளு, இன்னொரு வாட்டி," என்றார் லிங்கேஸ்வரன், வெங்காயம் அரிந்துகொண்டே.

இரண்டாவது நேர்முகத்தில், இந்த வேலையில் எது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று கேட்டார்கள். ஒருவர் பக்கத்தில் நிற்பதை விடுவது என்றார் கிளாரா. எவ்வளவு கடினம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. சரோஜாதேவியின் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

4

கிளாராவின் கட்சிக்காரர் சரோஜாதேவியைப் பற்றி எழுத எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அறுபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், கணவர் இல்லை, முதியவர்களின் வீடுகளுக்குக் காரில் போய்க் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கும் வேலை. வாசகரின் கண்ணீருக்கு நேராக மனுப்போடுகிற பாத்திரம். ஆகவே மற்றதையும் சொல்கிறேன். அன்று பின்னேரம் அவர் கடையில் நின்று மீன் வாங்கினார், அதில் பிந்தினார், பிந்தியதால் கொஞ்சம் வேகமாக ஓட்டினார். வலப்பக்கம் திரும்பும்போது வெயில் கண்ணில் அடித்தது. எதிரே சைக்கிளில் வந்த ஹெலன் என்ற பள்ளிக்கூட ஆசிரியையை இடித்துவிட்டார். ஹெலனுக்குக் காறை எலும்பு முறிந்தது, தோளும் விலகியது. சரோஜாதேவி முதலில் போன் எடுத்தது தங்கச்சிக்கு. ஆம்புலன்ஸைத் தெருவில் போன வேறொருவர் கூப்பிட்டார்.

கவனமின்றி ஓட்டிக் காயம் ஏற்படுத்தியது என்று வழக்கு. குற்றவாளி என்று பதிவானால் ஆறு மாதமாவது லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் வேலையும் போய்விடும்.

"நான் இடிக்கேல்லை, வெயில்தான் செய்தது," என்றுதான் அவர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் கோர்ட்டைக் கண்டாலே அவருக்குக் கை நடுங்கும். முன்பு ஊரில், ராணுவம் பிடித்துக்கொண்டு போன தம்பிக்காகக் கோர்ட் வாசலில் நின்றவர். கிளாரா விடாமல் போய்ப் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், ஹெலன் சம்மதித்தால் நேரில் சந்தித்து மன்னிப்புக் கேளுங்கள், பிறகு குற்றப்பதிவு இல்லாமல் விடுவிக்கச் சொல்லி நான் வாதாடுகிறேன் என்றார். கிளாராவின் வார்த்தையை நம்பித்தான் சரோஜாதேவி கோர்ட்டில் ஓம், குற்றம் என்னுடையதுதான் என்றார்.

கார் நிறுத்துமிடத்துப் போன் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

5

கிளாரா கோப்புகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றினார். வேலைப்பளுவைக் குறைக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். அது பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. சரோஜாதேவியிடம் மட்டும் போனில் சொல்ல மனம் வரவில்லை, வீட்டுக்கே போனார்.

"அக்கா, உங்க கேஸ இனிமே கம்சாயினின்னு ஒருத்தவங்க பாப்பாங்க. என் ஆபீஸ்தான். கெட்டிக்காரி."

சரோஜாதேவி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "ஏன், நீங்கள் எங்க போறியள்?"

"கொஞ்சம் வேலைய மாத்தி அமைக்கிறேன்."

"என்ர கேஸ் தோக்கிற கேஸ் எண்டு தெரிஞ்சு போச்சோ?"

"இல்லக்கா. அப்படி இல்லவே இல்ல."

"அப்ப என்னத்துக்கு? உங்களை நம்பித்தானே பிள்ளை நான் ஓம் எண்டு சொன்னனான். வெயில் எண்டே சொல்லிக்கொண்டு இருந்திருப்பன். நீங்கள்தான் சொல்லச் சொன்னியள். சொல்லவைச்சிட்டு இப்ப விட்டிட்டுப் போறியள்."

கிளாராவிடம் பதில் இருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

6

இந்த இடத்தில் நான் ஒரு தடவை இப்படி எழுதினேன்:

"கிளாரா குனிந்து அவர் காதருகே, 'அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்னைய ஜட்ஜா...'"

[கைவிட்டேன்.]

எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. சரோஜாதேவி கட்டிப்பிடித்து அழுதிருப்பார், நானும் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அன்று வெளியே காரில் காத்திருந்த லிங்கேஸ்வரனும் அதையேதான் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆயிடும்? அவங்க ரொம்ப நல்லவங்கன்னு நீதானே சொல்வ."

"சொன்னா சந்தோஷப்படுவாங்க. அப்புறம் தங்கச்சிகிட்ட சொல்வாங்க."

"அவ்வளவுதானே."

"அவ்வளவுதான். ரகசியமா வைக்கிறேன்னு சொல்லிட்டு மொத வாரமே வைக்க முடியலன்னா, அப்புறம் அந்த நாற்காலிக்கு நான் எதுக்கு?"

சொல்லிவிட்டு டொமினியன் ரோடு சிக்னல்வரை அழுதார். பச்சை விழுந்தும் லிங்கேஸ்வரன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

7

கம்சாயினி முப்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது ஆக்லாந்தின் எப்சம் பகுதியில். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லி வளர்ந்த தலைமுறை. கிளாரா அவரைச் சரோஜாதேவியிடம் கூட்டிக்கொண்டு போனார். தான் ஒரு மூலை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

"ஆன்ட்டி, நீங்க... அந்த டே... என்ன நடந்த எண்டு முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஸ்லோவா."

சரோஜாதேவி கிளாராவைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையோ எனக்காகக் கதைக்கப் போகுது?"

கிளாரா தலையை மட்டும் அசைத்தார்.

சரோஜாதேவி சொன்னார். வேகமாகச் சொன்னபோது கம்சாயினிக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னார். 'சறுக்கி' என்றால் என்ன என்று கேட்டார். கையால் காட்டினார். சரோஜாதேவி பாதியில் நிறுத்திய இடத்திலெல்லாம் கம்சாயினியிடம் அதை முடித்துவைக்கச் சொல் இல்லை. அவர் பேனாவோடு காத்திருந்தார். காத்திருந்தால் சரோஜாதேவிதானே முடிக்க வேண்டும்.

"வெயில் அடிச்சது உண்மை. ஆனா நான்... நான் மெதுவா எடுத்திருக்கலாம். மீன் வாங்கினதில பிந்திப்போனன். அந்தப் பிள்ளை ரோட்டில கிடக்குது. எனக்கு இறங்கக் கால் வரேல்லை. தங்கச்சிக்கு அடிச்சன். என்னத்துக்கு அடிச்சன் எண்டு இண்டைக்கும் தெரியேல்லை."

மூலையில் இருந்த கிளாரா இதை முதல் தடவையாகக் கேட்டார். மீனை, இறங்க வராத காலை, தங்கச்சியை. எத்தனை தடவை இதே அறையில் இருந்திருக்கிறார். சரோஜாதேவி தடுமாறும்போதெல்லாம் அவர் மனது நோகக்கூடாதென்று இவரே வாக்கியத்தை முடித்துவைத்திருக்கிறார். ஆமாக்கா, பயந்துட்டீங்க. ஆமாக்கா, வெயில்தான். அன்பாகத்தான் செய்தார். அந்த அன்புக்குள் ஒரு மனுஷியின் பாதிப் பேச்சு அமுங்கிப் போயிருந்தது.

வாசலில் செருப்பைப் போடும்போது சரோஜாதேவி கிளாராவிடம் எதுவும் சொல்லவில்லை. கம்சாயினியிடம் சொன்னார்: "அடுத்த முறை வரேக்க சாப்பிடாமல் வாங்கோ."

8

அறிவிப்பு வந்தது. வாட்ஸாப் குழுக்களில் கிளாராவின் படம் பூச்செண்டுகளோடு சுற்றியது. அன்று மத்தியானம் அவருடைய போனில் சரோஜாதேவியின் பெயர் ஒளிர்ந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. நீதிபதியாகப் போகிறவர் தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஒருவரோடு பேசக்கூடாது. போன் அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது.

(எனக்கு இந்தப் பகுதியை எழுதப் பிடிக்கவில்லை. இரண்டு தடவையும் போனை எடுக்கவைக்கப் பார்த்தேன். அவர் எடுக்க மறுத்துவிட்டார்.)

கம்சாயினிதான் போய் விளக்கினாராம். அவருடைய தமிழில் 'முரண்பாடு', 'நடுநிலை' ஒன்றும் கிடையாது. "கிளாரா அக்கா இப்ப உங்களோட கதைச்சா, உங்கட கேஸுக்குக் கூடாது, அவவுக்கும் கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

சரோஜாதேவி வாட்ஸாப்பில் வந்த படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாராம். பிறகு, "அப்ப அண்டைக்கு என்ர வீட்டில இருந்து அவ்வளவு ஏச்சும் வாங்கேக்க இது தெரியும் அவவுக்கு," என்றாராம்.

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சும் வாய் திறக்கேல்லை." இதை அவர் கோபமாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று கம்சாயினியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

9

ஹெலனைச் சந்தித்தது ஒரு சமூக மண்டபத்தின் சின்ன அறையில். சந்திப்பை நடத்திவைப்பவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், கம்சாயினி. ஹெலன் தன் வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. கரும்பலகையில் உயரத்தில் எழுத இன்னும் கை எழும்பவில்லை என்றார். "எலும்பு முறிந்ததைவிட எனக்குக் கோபம் எதில் தெரியுமா? நீங்கள் என் பக்கத்தில் வரவே இல்லை. காருக்குள் இருந்து போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள்."

சரோஜாதேவி வெயிலைச் சொல்லவில்லை. மீனைச் சொன்னார். கால் வராததைச் சொன்னார். "நான் வந்து உங்கட கையைப் பிடிச்சிருக்க வேணும். பிடிக்கேல்லை. அதுக்குத்தான் நான் முதல்ல மன்னிப்புக் கேக்கிறன். இடிச்சதுக்கு இரண்டாவதாக் கேக்கிறன்."

ஹெலன் கட்டிப்பிடிக்கவில்லை. எழுந்து போகுமுன், இவருடைய வேலை போவதை நான் விரும்பவில்லை என்று நடத்திவைப்பவரிடம் சொன்னார்.

கோர்ட்டில் கம்சாயினி வாதாடினார். கிளாராவுக்கு முன்பின் பழக்கமில்லாத ஒரு நீதிபதி, யோசிக்க அவகாசம் எடுத்துக்கொண்டு, குற்றப்பதிவு இல்லாமல் விடுவித்தார். ஹெலனுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார், ஓட்டுநர் பயிற்சிக்குப் போகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை சரோஜாதேவி வழக்கம்போல முதியவர்களைக் குளிப்பாட்டப் போனார்.

10

பதவிப்பிரமாணம் நீதிமன்றத்திலேயே நடந்தது. இந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் முறையில் வரவேற்புப் பாடினார்கள். கிளாரா அப்பாவின் தமிழ் வேதாகமத்தில் கை வைத்து உறுதிமொழி சொன்னார். கறுப்பு அங்கியை லிங்கேஸ்வரன் அவர் தோளில் போட்டுவிட்டார். ஒரு பக்கம் இறங்கி நின்றதை யாரும் திருத்தவில்லை. பேச்சுகள் நீளமாக இருந்தன. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, என் பழைய வாழ்த்துக் கட்டுரையிலிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் வந்துபோவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பக்கத்து அறையில் தேநீர். வாழ்த்துச் சொல்ல வரிசை. அந்த வரிசையில் நீலப் பட்டுச்சேலையோடு சரோஜாதேவி நின்றார். கிளாரா தூரத்திலேயே பார்த்துவிட்டார். வழக்கு முடிந்துவிட்டது, இனிப் பேசலாம்.

[இங்கே நான் முதலில் எழுதியது: "இருவர் கண்களிலும் நீர்..." கைவிட்டேன். யாரும் அழவில்லை.]

"வாழ்த்துகள் பிள்ளை."

"வந்தீங்களேக்கா. அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாம..."

"அதை விடுங்கோ. அண்டைக்கு எனக்கு எரிச்சல்தான். பிறகு யோசிச்சன். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒரு ஆள் அடக்கி வைச்சிருக்கிறா எண்டா, என்ர கதையையும் அடக்கித்தான் வைச்சிருப்பா எண்டு." அவர் தேநீரை வாங்கிக்கொண்டார். "ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்க."

"என்ர கேஸ் உங்களிட்ட வந்திருந்தா, என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பியள்?"

"வராதுக்கா. எனக்கு உங்களைத் தெரியும். வேற ஜட்ஜுக்குத்தான் போகும்."

"அது கம்சாயினி சொன்னவ. வந்திருந்தா எண்டுதான் கேக்கிறன்."

வரிசை பின்னால் நின்றது. கிளாரா வாழ்நாளில் இந்தக் கேள்விக்கு நூறு பேருக்காகப் பதில் வைத்திருந்தவர். விட்டுவிடுங்கள் கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் நல்லவர் என்று. அந்தப் பதில் இப்போது வரவில்லை. தண்டித்திருப்பேன் என்றும் வரவில்லை. அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். சரோஜாதேவி ஆறுதலுக்கு வரவில்லை, பதிலுக்கு வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சரோஜாதேவியும் பார்வையை எடுக்கவில்லை. அந்த முகத்தில் பயம் இல்லை. நீதிபதி ஒருவரின் முன்னால் அவர் கை நடுங்காமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிளாராவின் பதிலை எழுத உட்கார்ந்தேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்; மூன்றும் என் பதிலாகத்தான் இருந்தன, அவருடையதாக இல்லை. ஆகவே அழித்துவிட்டேன்.

இனி உங்கள் பாடு. ஹெலனின் எழும்பாத கை உங்கள் முன்னால் இருக்கிறது. சரோஜாதேவிக்காகக் காத்திருக்கும் கிழவர்களும் கிழவிகளும் இருக்கிறார்கள். மீன், வெயில், தங்கச்சிக்குப் போன அழைப்பு எதையும் நான் ஒளிக்கவில்லை. இருவரையும் இவ்வளவு தூரம் தெரிந்துகொண்டபின் சட்டப்படி நீங்களும் விலக வேண்டியவர்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த நாற்காலியில் உட்காருங்கள். சரோஜாதேவி தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் சொன்னால் போதும்.